முப்பத்தொரு நூலிழைத் தாள்கள்

உமேகி ஃபுசாயே என்ற பெண்மணி தன் வாழ்நாளில் ஏறக்குறைய இரண்டாயிரம் முறை விபத்திலிருந்து தப்பியவர். அவற்றில் உண்மையாக நடந்தது ஒன்று. மற்றவை அனைத்தும் அவரே எழுதியவை.

யாய்சு துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் கறுப்பு ஹன்பென் செய்கிறோம். மத்தி மீனை எலும்போடு அரைத்து, அரைநிலாவாக வெட்டி, வெந்நீரில் வேகவைத்து, ஐந்தைந்தாகப் பொட்டலம் கட்டுவது. எழுபத்து நான்கு பேர் வேலை செய்கிறோம். காலை எட்டுக்கு வானொலி இசைக்கு உடற்பயிற்சி. பிறகு எல்லோரும் வட்டமாக நின்று, நடுவில் ஏதுமில்லாத இடத்தை நோக்கி விரலை நீட்டி, "இன்றும் விபத்து பூஜ்யம், சரி!" என்று கத்துவோம். எதைச் செய்தாலும் முதலில் அதை விரலால் சுட்டி, வாயால் சொல்லி, "சரி!" என்று முடிக்க வேண்டும். வால்வு மூடியதா, சரி! தரை காய்ந்ததா, சரி! சொல்வதற்கும் பார்ப்பதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை. சத்தம் போதுமா என்பதை மட்டும் சோதித்தார்கள்.

உணவுக்கூடச் சுவரில் ஒரு முக்கோணம் ஒட்டியிருக்கிறது. உச்சியில் ஒன்று, நடுவில் இருபத்தொன்பது, அடியில் முந்நூறு. ஒரு பெரிய விபத்துக்குக் கீழே இருபத்தொன்பது சின்னக் காயங்களும், அவற்றுக்குக் கீழே நூலிழையில் தப்பிய முந்நூறு தருணங்களும் இருக்குமாம். அந்த முந்நூறையும் பிடித்துவிட்டால் உச்சியில் இருக்கும் ஒன்று நடக்காது. இதில் தவறு சொல்ல ஏதுமில்லை. தலைமை அலுவலகம் இதிலிருந்து இன்னொரு முடிவுக்கும் வந்தது. நூலிழையில் தப்பியதைத் தாளில் எழுதி, ஆளுக்கு மாதம் ஒரு 'நூலிழை' தருவது கட்டாயம். மாதத்துக்கு எழுபத்து நான்கு தாள்கள். ஒன்று குறைந்தாலும் எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்பு மதிப்பெண் குறையும். ஆகவே பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் மாதாமாதம் எழுபத்து நான்கு முறை சாகப் போய்த் தப்பத் தெரிய வேண்டும் என்றாகிவிட்டது.

இது மீன் அறுக்கிறவர்களுக்குச் சுலபமான வேலையில்லை. எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன ஆக இருந்தது, காரணம் என்ன, இனி என்ன செய்வீர்கள் என்று ஆறு கட்டங்கள். மாதக் கடைசியில் உணவுக்கூடத்தில் எல்லோரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மதியத்தில்தான் பொட்டலப் பிரிவு தொயோகாவா, பெயரோடு மரியாதைக்கான 'சான்' சேர்த்துக் கூப்பிட்டு, உமேகியிடம் தன் தாளைத் தள்ளினார்.

"உமேகிசான், நீங்கதான் ஞாயித்துக்கிழமை பேப்பருக்கு எழுதிப் போடுறவங்களாச்சே. எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

"அவங்க ஒண்ணைக்கூட போட்டதில்லையே."

"ஆபீஸ்ல இந்தத் தாளை வாங்குற இசோபேசான் போடுவாரு. அவருக்கு வேற வழியில்ல."

உமேகி வாசகர் பகுதிக்குப் பதினேழு ஆண்டுகளாக எழுதிவந்தார். ஒன்றும் வந்ததில்லை. தொயோகாவாவுக்காக அவர் எழுதியது மேற்குப் படிக்கட்டைப் பற்றி. "ஐந்தாம் படியில் ஒரு மத்திச் செதில் ஒட்டியிருந்தது. அது என்னைப் பார்ப்பதற்குள் நான் அதை மிதித்துவிட்டேன். கைப்பிடி இருந்திருந்தால் அதைப் பிடித்திருப்பேன். இல்லாததால் தொயோகாவா குலத்தின் பெயரைச் சொல்லிச் சுவரைப் பிடித்தேன். இனி கவனமாக இருப்பேன்." அந்த ஆண்டு ஜூலைப் பாதுகாப்பு வாரத்தில் சிறந்த நூலிழை என்று அது பரிசு பெற்றது. தொயோகாவா ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்கிக்கொண்டு, கண் கலங்கி, தான் விழ இருந்ததை நினைத்தால் இப்போதும் முழங்கால் நடுங்குகிறது என்று பேசினார். அவர் அந்தப் படிக்கட்டில் ஏறியதே இல்லை. பொட்டலப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முப்பது பேர், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தங்கள் பெயர் முத்திரைகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு உமேகியிடமே கொடுத்துவிட்டார்கள். உமேகியின் முத்திரையோடு சேர்த்து முப்பத்தொன்று. இரண்டாம் வரிசையின் குழுத் தலைவர் கனாமோரியின் முத்திரையும் அதில் இருந்தது. பதிலுக்கு ஆரஞ்சுகள் வந்தன, ஊறுகாய் வந்தது, கழிவுத்தொட்டி கழுவும் முறையிலிருந்து உமேகிக்கு நிரந்தர விடுதலை வந்தது. அவரும் ஒப்புக்குச் செய்யவில்லை. உறைகிடங்கு ஆளுக்குக் குட்டை வாக்கியம். வாசல் காவலாளிக்குப் பழைய கடற்படை மரியாதை. ஒவ்வொருவரும் அதே மேற்குப் படிக்கட்டில் அவரவர் சுபாவப்படி விழுந்தார்கள்.

பொதுநிர்வாகப் பிரிவு இசோபே, பாதுகாப்புக் குழுவின் செயலாளர். நாற்பத்தைந்து வயது, மெலிந்த மனிதர். தாள்களை எண்களாக்கி, எண்களை நிறம் நிறமான பட்டைகளாக்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அங்கே எண்களைத்தான் பார்ப்பார்கள். வாக்கியங்களை ஜூலைப் பரிசுக்கு முன்னால் யாரும் படிப்பதில்லை. மேற்குப் படிக்கட்டின் பட்டை ஆண்டுதோறும் உயர்ந்தது. ஆகவே மேற்குப் படிக்கட்டுக்குக் கைப்பிடி வந்தது. படி விளிம்புகளுக்கு மஞ்சள் கோடு வந்தது. கூடுதல் விளக்கு, திருப்பத்தில் வட்டக் கண்ணாடி, "காலடியைப் பார்!" என்ற பலகை, கடைசியாகப் படிக்குப் படி ரப்பர் பாய். ஷிசுவோக்கா மாநிலத்திலேயே இவ்வளவு கவனித்துக்கொள்ளப்பட்ட படிக்கட்டு வேறு இருக்காது. அதில் யாரும் எப்போதும் விழுந்ததில்லை என்பதால், திட்டம் வெற்றி என்றும் பதிவானது.

உமேகி நிற்கும் இடம் இரண்டாம் வரிசை. அங்கே மீன் விழுதை அச்சில் அழுத்தி, சுழலும் பிளேடு அரைநிலாவாக வெட்டி, பெல்ட்டில் தள்ளுகிறது. பிளேடின் மேல் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் ஒரு சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மூன்று அடி தள்ளி வெந்நீர்த் தொட்டி. அதன் நீராவி பட்டுப் பட்டு, மூடி சாத்தியிருக்கும்போதே சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்தத் தொடங்கியது. நாளுக்குப் பதினைந்து முறை. டிசம்பரில், புத்தாண்டு ஆர்டர்கள் மலைபோல் குவிந்த வாரத்தில், கனாமோரி அந்தச் சுவிட்சை அழுத்திப் பிடித்து வெள்ளி டேப்பைச் சுற்றினார். மூடி திறந்தாலும் சாத்தினாலும் அதற்கு ஒன்றுதான் இனி. வரிசை நிற்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் காலையில் அதை விரலால் சுட்டி "சுவிட்ச், சரி!" என்றார்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும். விழுது சிக்கிக்கொண்டது. உமேகி நிறுத்தும் பொத்தானை அழுத்தியதாக நினைத்தார். அழுத்தியிருக்கவில்லை. மூடியைத் திறந்து கையை விட்டார். ஒரு காற்று பட்டதுபோல் இருந்தது. கையை இழுத்துப் பார்த்தால் நீலக் கையுறையில் நடுவிரலின் நுனி இல்லை. உள்ளே விரல் முழுதாக இருந்தது. நகம் மட்டும் வெட்டி முடித்ததுபோல் நேராக இருந்தது.

உடனே பெரும் பரபரப்பு. வரிசை நின்றது. மணி அடித்தது. தரப் பிரிவிலிருந்து நான்கு பேர் ஓடிவந்தார்கள். உணவில் அந்நியப் பொருள் விழுந்துவிட்டது. கையுறைகள் நீலமாக இருப்பதே துண்டு விழுந்தால் கண்ணில் படுவதற்காகத்தான். அறுநூறு ஹன்பென்களைப் பிய்த்துப் பார்த்தார்கள். நாற்பது நிமிடத்தில், சோயா மொச்சை அளவு நீலத் துண்டு ஒன்று அகப்பட்டது. கையுறையோடு பொருத்திப் பார்த்து, விரலால் சுட்டி, "சரி!" என்றார்கள். சிலர் கை தட்டினார்கள். தர ஏட்டில் "கையுறை சேதம், புதியது வழங்கப்பட்டது" என்று எழுதினார்கள். விரலைப் பற்றிக் கேட்க அதில் கட்டம் இல்லை.

மதியம் உமேகி கனாமோரியிடம் போனார்.

"தலைவரே, அந்த டேப்பை எடுத்துடலாமா?"

"எடுக்கலாம். எடுத்தா நாளைக்குப் பதினஞ்சு தடவை நிக்கும். ஒவ்வொரு தடவையும் நீங்கதான் சிக்கின விழுதைத் தோண்டணும். கைய பதினஞ்சு தடவை உள்ள விடணும். எது ஆபத்து, சொல்லுங்க?"

"தண்ணி போகாத சுவிட்ச் வாங்கலாமே."

"ரெண்டு தடவை கேட்டாச்சு உமேகிசான். தலைமை அலுவலகம் என்ன சொல்லுது தெரியுமா? 'இரண்டாம் வரிசையில் எட்டு ஆண்டுகளாக ஒரு நூலிழையும் பதிவாகவில்லை. தேவை நிரூபிக்கப்படவில்லை.' எல்லாரும் அந்தப் பாழாப்போன படிக்கட்டுலயே போய் விழுறாங்க. எவன் விழுறானோ!"

உமேகி வெட்டுப்பட்ட கையுறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று வீட்டில் கையுறையை உணவு மேசையில் வைத்தார். கணவர் யசுஹிகோ முப்பது ஆண்டுகள் சூரை மீன் படகில் தூண்டில் போட்டவர். ஓட்டையில் தன் விரலை விட்டுப் பார்த்தார்.

"எழுதிப் போடு. அதுக்குத்தானே தாள் குடுக்குறாங்க?"

"இது நெசமா நடந்தது."

"அதனால என்ன?"

"நெசத்தை எழுதிப் பழக்கமில்ல."

எழுதினார். எட்டு ஆண்டுகளில் அவர் எழுதிய தாள்களிலேயே மிக மோசமானது அதுதான். மூடியைத் திறந்தேன், நிற்கவில்லை, கையுறை போயிற்று. காரணம்: சுவிட்சில் டேப். ஒட்டியவர்: கனாமோரி. இனி செய்ய வேண்டியது: சுவிட்சை மாற்றுவது. ஓர் உவமை இல்லை, ஒரு செதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து இசோபே அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"உமேகிசான், உங்க தாள்... எப்பவும் நல்லா இருக்கும். இது மட்டும் கொஞ்சம் நம்புற மாதிரி இல்ல."

"நடந்துச்சு இசோபேசான்."

"நடந்திருக்கலாம். காரணத்துக்கு ஒன்பது எண் இருக்கு. ஒண்ணு அவசரம், ரெண்டு கவனக்குறைவு, மூணு தப்பா நெனச்சுக்கிட்டது... ஒன்பது தூக்கம். டேப்புன்னு ஒரு எண் இல்ல. கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"கனாமோரிசான் பேருக்கு?"

"அதுதான் பெரிய சிக்கல். தாள் தலைப்புலயே அச்சடிச்சிருக்கு பாருங்க. 'இது யாரையும் குற்றம் சாட்டுவதற்கல்ல.' அடுத்தவங்க பேரை எழுதக் கூடாது. நம்மளை நாமே சொல்லிக்கலாம், எவ்வளவு வேணும்னாலும்." அவர் தாளை இரு கைகளாலும் பிடித்துப் பணிவோடு திருப்பிக் கொடுத்தார். "கடைசிக் கட்டத்துல 'இனி கவனமாக இருப்பேன்' வரணும். வழக்கமா நீங்க மறக்க மாட்டீங்களே."

அந்த மாதம் உமேகி தன் பெயரில் படிக்கட்டில் விழுந்தார். இரண்டாம் வரிசையில் டேப் அப்படியே இருந்தது. காலையில் எட்டரைக்கு அவர் பிளேடின் முன் போய் நிற்பார். பத்து விரலும் அவருடையவை. சும்மா நிற்கும்போதும் நடுவிரலை மடக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அடுத்த முறை காற்று எங்கே படும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், எட்டு ஆண்டுகளாகத் தன் கையால் தொழிற்சாலையின் கவனம் முழுவதையும் ஒரு படிக்கட்டுக்குக் கொடுத்துவிட்டு, தன் விரல்களுக்கு ஒரு வரிகூட வைக்கவில்லை என்பது.

மார்ச் கடைசி வாரம் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். முப்பத்தொரு தாள்கள். முப்பத்தொரு பேரும் இரண்டாம் வரிசை மூடியைத் திறந்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் அது நிற்கவில்லை. உறைகிடங்கு ஆள் கை சூடேற்றப் போனார், மூடியில் சாய்ந்தார். தொயோகாவா லேபிள் கடன் கேட்கப் போனார். துப்புரவுப் பிரிவு ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போனார். எல்லோரும் தங்கள் கவனக்குறைவையே நொந்துகொண்டார்கள். எல்லோரும் இனி கவனமாக இருப்பதாக உறுதி சொன்னார்கள். டேப் என்ற சொல் முப்பது தாள்களில் இல்லை. கனாமோரியின் தாளில் மட்டும் இருந்தது. அதைக் கடைசியாக, மிகுந்த பொறுமையோடு எழுதி, அவருடைய முத்திரையைக் குத்தினார். கனாமோரி வழக்கம்போல் படிக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் இசோபே மறுபடி கூப்பிட்டார். மேசையில் தாள்கள் நேர்த்தியாக அடுக்கியிருந்தன.

"வாசல் காவலாளி இரண்டாம் வரிசைக்கு எதுக்குப் போனாரு?"

"யாரோ மறந்துட்டுப் போன குடையைக் குடுக்க. எழுதியிருக்காரே."

"மார்ச் பூரா மழை இல்ல உமேகிசான்."

"அதனாலதான் மறந்துட்டுப் போயிட்டாங்க."

இசோபே தாள்களைப் புரட்டினார். "முப்பத்தொரு பேரும் ஒரே பேனாலயே எழுதியிருக்காங்க."

"கடையில அது ஒண்ணுதான் கிடைக்குது."

"பிப்ரவரியில அந்தக் கையுறை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டாம் எண்ணை முப்பத்தொரு முறை தட்டினார். கவனக்குறைவு, கவனக்குறைவு, கவனக்குறைவு. திரையில் இரண்டாம் வரிசையின் பட்டை தரையிலிருந்து எழுந்து, படிக்கட்டைத் தாண்டி, கட்டத்துக்கு வெளியே போனது. இசோபே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாண்டுகளாகப் பட்டைகள் வரைந்தவருக்கு அப்படி ஒரு பட்டை முதல் முறை. "அழகா இருக்கு," என்றார்.

பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து வெள்ளைத் தலைக்கவசத்தோடு இருவர் வந்தார்கள். வருகிறார்கள் என்று முதல் நாளே தெரிந்தது. ஆகவே இங்கே யாராக இருந்தாலும் செய்யக்கூடியதை கனாமோரியும் செய்தார். காலை ஏழு மணிக்கே வந்து டேப்பைப் பிரித்து, பசையைத் தின்னர் வைத்துத் துடைத்து, சுவிட்சைப் புதிதுபோல் ஆக்கிவிட்டார். விருந்தினர் முன் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒழுங்கான சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. அவர்கள் நின்ற ஒரு மணி நேரத்தில் வரிசை ஆறு முறை நின்றது. ஆறாவது முறை வெள்ளைக் கவசத்தில் ஒருவர் நீராவியில் மங்கிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தினமும் இப்படித்தானா?"

கனாமோரி ஆமாம் என்றால் உற்பத்தி எண்கள் எப்படி வந்தன என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஏன் இன்று மட்டும் என்று கேட்பார்கள். அவர் இடுப்பை வளைத்துக் குனிந்தார். எவ்வளவு நேரம் குனிந்தார் என்றால், அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அவர்கள் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். மே முதல் வார விடுமுறையில் நீர் புகாத சுவிட்ச் பொருத்தப்பட்டது.

இது இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜூலை வந்தது. வாக்கியங்களைப் படிக்கும் காலம்.

பாதுகாப்பு வாரத்தின் மூன்றாம் நாள் எல்லோரும் உணவுக்கூடத்தில் முக்கோணத்தின் கீழ் நின்றோம். அந்த ஆண்டின் சிறந்த நூலிழை: இரண்டாம் வரிசை, கனாமோரி. அவர் மேடையேறி, அரிசிப் பைக்கு வணங்கி, வழக்கப்படி தாளை வாங்கி உரக்கப் படிக்கத் தொடங்கினார். அவர் அதை முதல் முறையாக அப்போதுதான் பார்த்தார்.

"'மூடியைத் திறந்தேன். நிற்கவில்லை. நிற்காதபடி டேப்பைச் சுற்றியவன்...'" குரல் நின்றது. புதுச் சுவிட்ச்கூட அவ்வளவு சுத்தமாக நிறுத்தியிருக்காது. உமேகி கூட்டத்தில் நின்றபடி தன் நடுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனாமோரி தாளை நிமிர்த்திப் பிடித்துத் தொடர்ந்தார். "'...சுற்றியவன் நான். வரிசை நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு முறை கேட்டும் சுவிட்ச் வரவில்லை. மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டேன். என் குழுவில் ஒருவருடைய விரல் போயிருந்தால், அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன் என்று தெரியவில்லை. இனி கவனமாக இருப்பேன்.'"

பரிசு கொடுக்க வந்திருந்த தலைமை அலுவலக அதிகாரி கை தட்டினார். தன் தவற்றைத் தானே முன்வந்து சொல்லும் துணிவுதான் பாதுகாப்பின் அடித்தளம் என்றார். கனாமோரி முகம் சிவக்க, அரிசிப் பையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நின்றார்.

மதியம் அவர் உமேகியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்:

"என் எழுத்து ரொம்ப முன்னேறியிருக்கு, உமேகிசான்."

"எனக்கும் தோணுச்சு தலைவரே."

"வெட்கப்பட்டேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அந்த இடத்துல ஏதாவது போடணுமே."

அவர் தலையாட்டினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, தன் முத்திரையைத் தேடி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே நானே எழுதிக்கிறேன். பயமா இருக்கு."

அதன்படி எழுதவும் செய்கிறார். மூன்று வரி, நான்கு பிழை. உமேகிக்கு அவற்றைத் திருத்தக் கை பரபரக்கிறது; அடக்கிக்கொள்கிறார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை விழுது மறுபடி சிக்கியது. உமேகி மூடியைத் திறந்தார். பெல்ட் நின்றது, பிளேடு நின்றது, நீராவி மட்டும் தன்பாட்டுக்கு எழுந்தது. அவர் கையை உள்ளே விடாமல் அந்தப் பிளேடைப் பார்த்தார். பிறகு மடக்கியிருந்த நடுவிரலை விரித்து, அதைக் கொண்டே சுட்டி, "நின்னாச்சு, சரி!" என்றார். வேறு யாருக்கும் கேட்கும்படியான சத்தத்தில் இல்லை. விதிப்படி அது செல்லாது.

மாதக் கடைசி. தொயோகாவா ஊறுகாய்ப் பாத்திரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இந்த மாசம் நான் எங்க விழட்டும் உமேகிசான்? இரண்டாம் வரிசை இனிமே ஆகாது. பழையபடி படிக்கட்டுலயே விழுந்துடவா?"

"படிக்கட்டு வேணாம்," என்றார் உமேகி. "கீழேருந்து ஏறுற நீராவி பட்டு அந்த ரப்பர் பாய் எல்லாம் சுருண்டுக்கிட்டு நிக்குது. இசோபேசான் நேத்து அதுல தடுக்கி விழுந்து, இன்னிக்குக் கையில கட்டோட வந்திருக்காரு. அங்க இப்போ நெசமாவே விழுறாங்க."